கழற்றிய மணி

கரடியனாறு
12.8.1939

அன்பு மகனுக்கு,

பேரன் கணக்கில் முதலாம் பிள்ளை, பேத்தி பாட்டில் பரிசு வாங்கினாள் என்று எழுதியிருந்தாய். ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். நீ கப்பலில் கொண்டுவந்த பசென்ஜி நாயின் குட்டிகளும் குறைந்தவை அல்ல. மூத்தது வயல் காவலுக்கு, நடுவிலது முயலுக்கு. கடைக்குட்டியைப் பிடித்துக் கட்டிய பன்றிமேல் விட்டுப் பார்த்தோம். காதைப் பிய்த்தெடுத்த பிறகுதான் விட்டது. "வேட்டைக்கு இதுதான்" என்றார் அப்பா.

குரைக்காத சாதி, மணி கட்டாமல் காட்டுக்குள் விடவேண்டாம் என்று நீ சொன்னபடி கட்டினோம். பக்கத்து வளவு வேலாப்போடி சிரித்தார்: "என்னகா, நாயா மாடா? எத்தனை படி கறக்குது?" எனக்கு மானம் போனது. மறுநாள் வேட்டைக்குப் போகுமுன் நானே அதைக் கழற்றிவிட்டேன்.

பற்றைப் புதருக்குள் நாய்க்குட்டி ஒரு பன்றியைக் கவ்வி நின்றது அப்பாவுக்குத் தெரியவில்லை. நேரே பன்றிமேல் போய் மிதித்தார். பன்றி அவர் தொடையை எலும்பு தெரியக் கிழித்து, வயிற்றிலும் குத்தியது. குட்டி அதன் தொண்டையை விடாமலே குடல் சரிந்து செத்தது.

"மணி அறுந்து விழுந்துட்டா புள்ள?" என்று, வீட்டுக்குத் தூக்கிவந்ததும் அப்பா கேட்டார்.

"ஓம்" என்றேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் பேரப்பிள்ளைகளின் புதுப் படம் கேட்பேன். இனிக் கேட்கமாட்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே புறப்படு மகன். அப்பா கண்மூடுமுன் அவர்கள் முகங்களைப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா