ஐந்தாம் தலத்திலிருந்து ஆறாம் தலம் வரை

மார்ச் 14, திங்கள்

விடியவே வெயில். தண்ணீர் பவுசர் வண்டி இன்றும் வரவில்லை. கோயில் கிணற்றில் மூன்று வாளி, எல்லாம் இடக்கையால். நாலாவது பாதியில் கயிற்றோடு உள்ளே போனது.

முருங்கன் ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னது: செல் குண்டின் துண்டு இடத்தோளுக்குள்ளேயே இருக்கட்டும், எடுக்கப் போனால் கை போகும். கோயில் சிஸ்டர் சொன்னது: "ஈஸ்டர் வருமட்டும், இந்தத் தபசு காலம் முழுக்க, ஒவ்வொரு நாளும் ஒரு கஷ்டமான வேலை செய், றெஜினா. பின்னேரம் ஆண்டவருக்கு ஒரு நன்றி எழுது. உடம்பும் தேறும், மனமும் தேறும்." சிஸ்டருக்கு இரண்டு தோளும் நல்ல சுகம்.

நன்றி: வாளிதான் கிணற்றுக்குள் போனது, நான் போகவில்லை.

மார்ச் 17, வியாழன்

கோயில் மூப்பர் வந்தார், பெரிய வெள்ளி விஷயமாக. சிலுவைப் பாதையின் பதினாலு தலங்களில் ஐந்தாம் தலத்திலிருந்து ஆறாம் தலம் வரை சிலுவை சுமப்பது எங்கள் வீட்டு முறை. சண்டையில் இடம்பெயரும் வரை என் கணவர்தான் சுமந்தார். இப்போது அவர் இல்லை, அதனால் வேறு வீட்டுக்குக் கொடுக்கப் போகிறார்களாம்.

"நான் சுமக்கிறன்" என்றேன்.

"பாலை மரம், பிள்ளை. ரெண்டு ஆம்பிளையள் பிடிச்சுத்தான் தோளில வைக்கிறது. பொம்பிளையள் ஒருதரும் சுமந்ததில்லை."

"தூக்கிக் காட்டினால்?"

"பாப்பம்."

பாப்பம் என்றால் மாட்டோம். வீடு கேட்டுப் போன வீட்டுத்திட்டக் கந்தோரிலும் இதே சொல்தான்.

நன்றி: மூப்பர் தேத்தண்ணீர் கேட்கவில்லை. சீனி இல்லை.

மார்ச் 26, சனி

வெக்கை. கூரைக்கு வாங்கிய பனங்குற்றி ஒன்றைத் தோளில் வைத்துக் கொட்டிலைச் சுற்றி நடை. முதல் சுற்றில் கண் இருட்டியது. மூன்றாம் சுற்றில் என் கணவரின் தம்பி வந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன மச்சாள், மன்னார்க் கழுதையளோட போட்டியோ?"

சிரிப்பு வந்தது. அடக்கினேன். பிறகு அவன் கிட்ட வந்து, "நான் சுமக்கிறன், நீங்கள் பேசாமல் இருங்கோவன்" என்றான். நல்ல மனது. அதுதான் எரிச்சல்.

இரவுக்குப் பாண், மீன் தீயல். சட்டையின் தோள் கிழிந்துவிட்டது, தைக்க வேண்டும்.

நன்றி: கிழிந்தது பழைய சட்டை.

ஏப்ரல் 3, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பங்குச் சுவாமியின் பிரசங்கம்: "நாங்கள் உயிரோட திரும்பி வந்திருக்கிறம். அதுக்கு நன்றி சொல்லுவம்." எல்லாத் தலையும் ஆடியது. என் தலையும் ஆடியது, பழக்கதோஷம். வந்தவர்கள் சொல்லலாம். வராதவருக்காக யாருக்கு நன்றி சொல்வது?

எழுதிவிடுகிறேன். வன்னியில் சண்டையின் கடைசி மாதம். என் கணவர் செத்து விழுந்தபோது என் இடக்கை காயப்பட்டுத் தூளியில் தொங்கியது. முன்பின் தெரியாத இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பங்கர் குழிக்குள் வைத்து மண் தள்ளினார்கள். நான் பின்னால் நடந்தேன். அவரின் பாரத்தில் ஒரு கைப்பிடிகூட என் மேல் விழவில்லை. வேறு எதற்கும் இல்லை, இதற்காகத்தான் அந்தச் சிலுவை எனக்கு வேண்டும். சுவாமியிடம் இதைச் சொன்னால் ஆறுதல் சொல்வார். ஆறுதல் வேண்டாம்.

நன்றி: இல்லை.

ஏப்ரல் 15, வெள்ளி

தூக்கினேன்!

கோயிலின் பின்பக்கம். மூப்பரும் மகனும் சிலுவையைத் தோளில் ஏற்றிவிட்டுக் கையை எடுத்தார்கள். அடிமரம் மணலில் இழுபட, மாமரம் வரை போனேன். சுவாமி பார்த்துக்கொண்டு நின்றார். "சரி, சுமக்கட்டும்" என்றார். மூப்பருக்கு முகம் சரியில்லை.

இடக்கை இப்போது வாளியை மேலே கொண்டுவருகிறது. மாதாவே, இந்தக் கை எனக்குத் திரும்ப வரும் என்று நான் நினைக்கவில்லை. சிஸ்டரைப் பற்றி எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

ஏப்ரல் 22, பெரிய வெள்ளி

ஒருசந்தி நோன்பு. சரியான சனக் கூட்டம். ஐந்தாம் தலத்தில் என் பெயர் சொன்னார்கள். சிலுவை தோளில் வந்தது. நடந்தேன். பாரமே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அடிமரத்தைப் பின்னால் இரண்டு பேர் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருவன் அவரின் தம்பி. குறுக்கு மரத்துக்குக் கீழே மூப்பரின் மகனின் கை.

"விடுங்கோ" என்றேன்.

"பரவாயில்லை மச்சாள், நடவுங்கோ."

"விடடா."

விடவில்லை. ஒப்பாரி வேறு, வழி முழுக்க. ஆறாம் தலத்தில் இறக்கினார்கள், நான் இறக்கவில்லை. பெண்கள் கையைப் பிடித்து அழுதார்கள். "எவ்வளவு பலம் குடுத்திருக்கிறார் ஆண்டவர்" என்று ஒருத்தி. கோயில் கஞ்சி குடிக்காமல் வந்துவிட்டேன். அன்று போலவே இன்றும் சும்மா பின்னால் நடந்தவள்தான். இரக்கப்பட்டே மனிதரைக் கொல்வார்கள்.

ஏப்ரல் 23, சனி

விடிந்ததும் கோயிலுக்குப் போனேன். சனம் இல்லை. சிலுவை பின்சுவரில் சாய்த்தபடி. சரிவுக்குக் கீழே குனிந்து புகுந்து, முழங்காலில் இருந்து எழும்பினேன். முதல்முறை முடியவில்லை. இரண்டாம் முறை எழும்பிவிட்டேன்.

ஐந்தாம் தலம் வரை வந்ததே போதும் போலிருந்தது. அங்கிருந்துதான் எங்கள் முறை. இடையில் ஒருதரம் விழுந்தேன், முழங்கால் உரிந்தது. அந்தப் பக்கம் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த மூப்பர் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"விடு பிள்ளை, நான் பிடிக்கிறன்."

"கிட்ட வராதேங்கோ ஐயா. அதிலேயே நில்லுங்கோ."

ஆறாம் தலத்தில் நானே இறக்கினேன். தோளில் தோல் இல்லை. என் கணவரும் ஏறக்குறைய இந்தப் பாரம்தான் இருந்திருப்பார்.

நன்றி: மூப்பர் அதிலேயே நின்றார்.