சிவப்புப் புள்ளி வைத்த வளையம்

ஊச்சோ,
ஜூன் 4, 1996

உல்ரீக்கே அம்மணிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நலமாகத்தான் இருப்பீர்கள், லோரன்ஸ் சுடுகிற மான்கறியைத் தின்று யாரும் இளைத்ததில்லை. ஒன்பது வருஷம் தின்றவள் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் பாரெண்ட் மாமாவுக்கு நீங்கள் செய்து கொடுத்த ஏழு மில்லிமீட்டர் ரைஃபிள், சனிக்கிழமை அவர் முகத்திலேயே புகையைக் கக்கிவிட்டது. ஓரிக்ஸ் மானைச் சுட்டிருக்கிறார். பித்தளைத் தோட்டாக்கூடு அடிப்பக்கம் கிழிந்து, கொதிக்கிற வாயு பின்னால் பாய்ந்திருக்கிறது. மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் கண் பிழைத்தது. கன்னம் வெந்துபோயிற்று.

கிழிந்த கூட்டைக் கொண்டுவந்து என் கல்லாமேல் வைத்தார். "ஏ ஹெஸ்டர், உன் புருஷனோட புதுக் கூட்டாளி எனக்குக் குடுத்தது ரைஃபிளா, கொதிக்கிற கெட்டிலா?" என்றார். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். நான் பூசி மெழுகவில்லை. "குழல்ல தோட்டா உக்கார்ற அறைய ஆழமாக் குடைஞ்சிருக்கா மாமா, தோட்டா உள்ள ஆடுது. லோரன்ஸ் கை பட்டிருந்தா இப்படி ஆகுமா?" என்றேன்.

ஜூலை 20-ஆம் தேதி வேட்டைக்காரர் சங்கம் கூடுகிறது. மாமா அங்கே எழுந்து பேசப்போகிறார். பேசினால் இந்த வடபக்கத்தில் ஒரு பண்ணைக்காரர்கூட உங்களிடம் ரைஃபிள் கேட்டு வரமாட்டார். முதுகுக்குப் பின்னால் பேசினேன் என்ற பெயர் வேண்டாம். அதனால் முகத்துக்கு நேரே எழுதுகிறேன்.

ஹெஸ்டர்
(காகிதத்தில் இன்னும் திருமதி லோரன்ஸ்)


விண்ட்ஹூக்,
ஜூன் 12

மதிப்புக்குரிய ஹெஸ்டர் அம்மாவுக்கு,

பாரெண்ட் மாமாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவர் கன்னம் ஆறட்டும்.

அந்த அறையைக் குடைந்தவள் நான்தான். லோரன்ஸ் தொடவில்லை. குடைந்தபின் இரண்டு அளவுக்கட்டைகளைப் போட்டுப் பார்த்தேன். குட்டைக் கட்டையைப் போட்டால், அறையைப் பின்னாலிருந்து அடைக்கிற போல்ட் மூட வேண்டும்; மூடியது. நெட்டைக் கட்டைக்கு மூடக்கூடாது; மூடவில்லை. அதோடு என் பாதி வேலை முடிந்தது. மறுபாதி தோட்டா. ரைஃபிளும் தோட்டாவும் பொருந்தவில்லை என்றால், எது தப்பு என்று ஒன்றை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

மாமா சுட்ட கூடுகளை உங்கள் கடையில்தான் வெடிமருந்து போட்டு மறுபடி நிரப்பிக்கொள்கிறார் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து ஆறு கூடு அனுப்புங்கள். மாமா சுட்டது மூன்று. சுட்டு விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்குகிற உங்கள் அச்சில் அழுத்தி எடுத்து, மருந்து போடாதது இரண்டு. உங்கள் சொந்த ரைஃபிளில் சுட்டது ஒன்று.

உங்கள் கடிதத்தை லோரன்ஸிடம் காட்டவில்லை. காட்டினால் அவரே உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்துவிடுவார். அது எனக்குப் பிடிக்காது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

உல்ரீக்கே


ஊச்சோ,
ஜூன் 21

உல்ரீக்கேவுக்கு,

முதலில் அந்த 'அம்மா'வை எடுங்கள். உங்களைவிட எட்டு வயசுதான் மூத்தவள். கடைக்கு வருகிற மூட்டைகளை இன்னும் தனியாகத்தான் தூக்குகிறேன்.

கேட்ட ஆறும் கடுகு டின்னில் வருகின்றன. நீங்கள் தோற்பதைப் பார்க்கத்தான் அனுப்புகிறேன்.

என் ரைஃபிளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். அதுவும் ஏழு மில்லிமீட்டர்தான், கல்யாணமான வருஷம் லோரன்ஸ் எனக்கென்று செய்தது. மூன்று நாள் அறையை மட்டும் குடைந்தார். நான் காபி கொண்டுபோனால்கூட நிமிரமாட்டார். கடையில் வாங்கின தோட்டா போட்டால் போல்ட் முரண்டு பிடித்துத்தான் மூடும். நானே நிரப்பினதைப் போட்டால் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும். தோட்டா நிரப்ப எனக்குத் தெரியாது என்பவர்கள் அதை வந்து பார்க்கட்டும்.

அச்சும் அவர் பொருத்தியதுதான். அச்சின் உயரத்தைப் பிடித்து நிறுத்துகிற வளையத்தை முடுக்கி, அசையாமல் இருக்கிறதா என்று பார்க்க என் நகச்சாயத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். "இத யாரும் திருகக்கூடாது, நீகூட" என்றார். திருகவில்லை. வாடிக்கைக்காரர்களுக்கு அவர்தான் வேறு அச்சுகளில் நிரப்புவார். உங்களிடம் வந்தபோது அவற்றையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டார். இதை மட்டும் விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஊர்க்காரர்களுக்கும் இதிலேயே நான் நிரப்பிக் கொடுக்கிறேன். ஏன் இதை மட்டும் விட்டுப்போனார் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? நான் தினமும் யோசிக்கிறேன்.

உப்புக்கண்டம் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். அது அவருக்கு. நீங்களும் தின்னலாம்.

ஹெஸ்டர்


விண்ட்ஹூக்,
ஜூலை 2

ஹெஸ்டருக்கு,

மாமாவின் மூன்று கூடுகளிலும் அடிக்குச் சற்று மேலே ஒரு பளபளப்பான வளையம் ஓடுகிறது. கம்பி நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தால், அதே இடத்தில் பள்ளம் தட்டுகிறது. பித்தளை அங்கே இழுபட்டு மெலிந்துவிட்டது. அன்றைக்குக் கிழிந்த கூடு நாலாவது தடவை நிரப்பியது என்று மாமா எழுதியிருக்கிறார். முதல் பார்வைக்கு நீங்கள் சொன்ன மாதிரிதான்: தோட்டா உள்ளே ஆடியிருக்கிறது.

ஆனால் அறை ஆழமில்லை. சுட்ட கூடு விரிந்து, அறையின் வார்ப்பாகவே வெளியே வரும். மாமாவின் கூட்டில் தோள், அதாவது கூடு கழுத்துக்குக் குறுகுகிற இடம், சரியான அளவில்தான் இருக்கிறது. உங்கள் அச்சிலிருந்து வந்த இரண்டில் தோள் இரண்டு காகிதத் தடிமன் கீழே இறங்கியிருக்கிறது. சுடும்போது முன்னால் இழுபடுகிறது, அச்சில் பின்னால் தள்ளப்படுகிறது. நாலு தடவை அப்படி ஆனால் எந்தப் பித்தளையும் கிழியும்.

பிறகு உங்கள் ரைஃபிளில் சுட்டதை எடுத்து, அச்சிலிருந்து வந்ததற்குப் பக்கத்தில் வைத்தேன். மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. உங்கள் ரைஃபிளின் அறை எல்லா அறையையும்விடக் குட்டை. அந்த அச்சை அதற்கென்றே லோரன்ஸ் முடுக்கியிருக்கிறார். நீங்கள் நிரப்புகிற தோட்டா உலகத்தில் ஒரே ஒரு ரைஃபிளுக்குத்தான் சேரும். ஊரில் யாருக்கெல்லாம் கொடுத்தீர்களோ, இன்றைக்கே திரும்ப வாங்குங்கள். அடுத்தவர் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கமாட்டார்.

இவ்வளவும் தொழில். இனி எழுதுவதைத் தொழிலில் சேர்க்காதீர்கள்.

என் ரைஃபிளுக்கும் அவர்தான் அறை குடைந்தார். உங்கள் கூட்டைப் பார்த்தபிறகு அதையும் அளந்தேன். ஊருக்கெல்லாம் குடைகிற அளவு. அரை நாள் வேலை. முடித்துவிட்டு, "எந்தக் கடைத் தோட்டா போட்டாலும் போகணும் உல்ரீ, அதான் நல்ல ரைஃபிள்" என்றார். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

உங்கள் கூட்டை மூன்று தடவை அளந்தேன். நான் தப்பாக அளந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

உல்ரீக்கே

பி.கு. உப்புக்கண்டத்தை அவர் ஒரே நாளில் தீர்த்துவிட்டார். எங்கிருந்து வந்தது என்று கேட்கவே இல்லை. தெரிந்திருக்கும்.


ஊச்சோ,
ஜூலை 23

உல்ரீக்கேவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கல்லாவுக்குள் பூட்டி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் வேனை எடுத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போய்த் தோட்டாக்களைத் திரும்ப வாங்கினேன். ஒன்பது பண்ணை. ஒவ்வொரு வாசலிலும் காபி, ஒவ்வொரு காபிக்கும் ஒரு கேள்வி.

இருபதாம் தேதி பாரெண்ட் மாமா எழுந்திருப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். "ரைஃபிள் சரியா இருக்கு. தோட்டா என்னது. தப்பும் என்னது. அளந்து கண்டுபிடிச்சது உல்ரீக்கே, அவளவிட நல்லா இந்த நாட்டுல யாரும் அளக்கமாட்டாங்க" என்றேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஹெஸ்டர், உனக்குக் காய்ச்சலா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். இரண்டு பேர் உங்கள் விலாசம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். கை கொஞ்சம் கனத்தது, ஆனால் கொடுத்தேன்.

ஊருக்கென்று புது அச்சு வாங்கிவிட்டேன். பழையதைத் திருகவில்லை. புள்ளி அப்படியே இருக்கிறது.

நீங்கள் திருப்பி அனுப்பின கடுகு டின் வந்து சேர்ந்தது. உள்ளே ஐந்துதான் இருந்தன. என் ரைஃபிளில் சுட்டது இல்லை. தபாலில் விழுந்திருக்க வழியில்லை; மூடியை நீங்கள் கம்பி போட்டுக் கட்டியிருந்தீர்கள்.

திருப்பி அனுப்ப வேண்டாம். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் கண்ணில் படுகிற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். அளக்காமலே சொல்லிவிடுவார், யார் ரைஃபிளில் சுட்டது என்று.

ஹெஸ்டர்