இருபத்தாறு வாசல் சுவர்கள்

ஜூலை 8, செவ்வாய்

தூக்கம் சரியில்லை. ஆகஸ்ட் 22 அன்று ஆய்வுக் குழுவின் முன் மூன்று வருட வேலையைக் காட்ட வேண்டும். கிராஃப் அழகாகத்தான் வந்திருக்கிறது: வாசலில் மஞ்சள் பல்பு எரியும் வீடுகளில் பல்லி அதிகம், வெள்ளை எல்.இ.டி.க்கு மாறிய வீடுகளில் குறைவு. வெளிச்சம் மாறினால் பூச்சி குறையும், பூச்சி குறைந்தால் பல்லி. இரும்புலியூரிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரை இருபத்தாறு வீடு, மாதம் ஒருமுறை, சில நாட்களாகப் பிரித்து, இருட்டிய பிறகு எண்ணியது. என் கைடு ராஜகோபாலன் சார் லேசில் பாராட்டுகிறவர் இல்லை. அவரே "நல்ல ட்ரெண்ட்" என்றார். பிறகு ஏன் இந்தப் படபடப்பு?

ஜூலை 9

லேபில் பக்கத்து மேஜை ஹர்ஷா தீசிஸ் கொடுத்துவிட்டாள். ஸ்வீட் நீட்டினாள். தின்றேன். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

ஜூலை 17

பஸ் உடனே கிடைத்ததால் ரத்தினபாய் டீச்சர் வீட்டுக்குக் கால் மணி முன்னதாகவே போய்விட்டேன். ரிட்டயரான தலைமையாசிரியை. எல்.இ.டி. வீடு. எப்போது போனாலும் மிஞ்சினால் இரண்டு பல்லி. இன்று கேட்டைத் திறந்தால் டீச்சர் ஸ்டூல் மேல் நிற்கிறார், கையில் ஒட்டடைக்குச்சி. சுவரெல்லாம் பல்லிகள் சிதறி ஓடுகின்றன.

"ஐயையோ ஜோவிதா, ஏழு மணின்னுதானே மெசேஜ் போட்ட? இன்னும் விரட்டி முடிக்கலயேம்மா!"

"எதுக்கு டீச்சர் விரட்டுறீங்க?"

"இன்ஸ்பெக்‌ஷன்னா சும்மாவா? இந்த வீடு பூரா பல்லின்னு நீ எழுதிட்டுப் போனா எனக்கு என்ன மரியாதை?"

அப்படியென்றால் இத்தனை மாதமாக? கேட்டேன். ஒவ்வொரு முறையுமாம். காபிகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஜூலை 18

முட்டாள். முட்டாள். ஒவ்வொரு முறையும் முந்தின நாளே வாட்ஸ்அப் குழுவில் 'நாளை இன்னின்ன வீட்டுக்கு வருகிறேன்' என்று அறிவித்தது யார்? நான்தானே! சொல்லாம கொள்ளாம போனா நல்லாவா இருக்கும்னு அம்மா சொன்னாங்க, நானும் தலையாட்டினேன். மரியாதையாம் மரியாதை.

ஜூலை 21

எல்லா வீட்டுக்கும் போன் செய்தேன். பதினோரு வீட்டில் இதே கதை. அதில் ஒன்பது எல்.இ.டி. வீடுகள். சொந்த வீடு, புது விளக்கு, பளிச்சென்ற சுவர். மஞ்சள் பல்பு வீடுகள் பெரும்பாலும் வாடகை போர்ஷன்; வாசல் சுவரை யார் கவனிக்கிறார்கள்? அபிதகுஜாம்பாள் மாமி மட்டும் மன்னிப்புக் கேட்டார். "பல்லிய விரட்டினா பாவம்னு விட்டுட்டேன்டீ. தப்பா எடுத்துக்காதே."

என் கிராஃப் காட்டுவது வெளிச்சத்தை இல்லை. ஒட்டடைக்குச்சியை.

ஜூலை 30

ஹர்ஷாவிடம் சொன்னேன். "லூசாடி நீ? எண்ணினதைத்தானே எழுதின? பேசாம சப்மிட் பண்ணு. யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்குத் தெரியுமே.

ஆகஸ்ட் 6

சார் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை. வீட்டுக்கும் போகப் பிடிக்கவில்லை. தாம்பரத்தில் ரயில் ஏறி கிண்டி வரை போய், அடுத்த ரயிலில் திரும்பி வந்தேன். சொன்னால் மூன்று வருடம் போச்சு. சொல்லாவிட்டால்? டாக்டர் ஜோவிதா. யாராவது அப்படிக் கூப்பிட்டால் நிமிர்ந்து பார்ப்பேனா?

ஆகஸ்ட் 13

சொல்லிவிட்டேன். சார் வெகு நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "கமிட்டில நீயே சொல்லு. உனக்காக நான் பேச மாட்டேன்." அவ்வளவுதான். படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் பயங்கரமாகப் பசித்தது.

ஆகஸ்ட் 22

நடந்ததைச் சொன்னதும் குழுவில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, அத்தனை எண்ணிக்கையும் தள்ளுபடி என்றார். முதலிலிருந்து எண்ண வேண்டும், இன்னும் ஒன்றரை வருடம். சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவமானமாக இருக்கிறது. ஆனால் படபடப்பு இல்லை.

அக்டோபர் 9

இப்போதெல்லாம் தேதி சொல்வதில்லை; எப்போது வேண்டுமானாலும் வருவேன் என்று எல்லோரிடமும் சம்மதம் வாங்கியாயிற்று. இன்று ரத்தினபாய் டீச்சர் நைட்டியோடு கதவைத் திறந்து முகம் சுளித்தார். அதே வெள்ளை விளக்கு, அதே சுவர். எண்ணினேன்.

"எத்தனை?"

"பதினாலு, டீச்சர்."

டீச்சரின் குரல் இறங்கிவிட்டது. "வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

"தீசிஸ்ல எழுதுவேன். உங்க பேர் வராது."

சுவரை மூலைக்கு மூலை முறைத்தார். பிறகு மீட்டர் பெட்டிப் பக்கம் விரலை நீட்டினார்.

"அங்க ஒரு குட்டி ஒளிஞ்சிருக்கு பாரு. அதையும் சேர்த்து எழுது."

பதினைந்து.