ஷீட் கட்டாத ஆறு பெட்டிகள்

சௌல்தாரி,
அக்டோபர் 19.

அன்பு மகள் கார்த்திகாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மாவும் நலம், அவளுடைய முழங்கால் மட்டும் தனியாக ஒரு கட்சி நடத்திக்கொண்டிருக்கிறது. நீ ஓசூர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறாய் என்று நினைக்கிறேன். மழை இன்னும் விட்டபாடில்லை, கிணற்றில் தண்ணீரைக் கையால் மொள்ளலாம். உன் தம்பி பிரேம் கார் நிக்கோபாரிலிருந்து கப்பல் கிடைத்தால் தீபாவளிக்கு வருவதாகச் சொல்கிறான், கப்பல் கிடைத்தால் என்பதை மூன்று தடவை சொன்னான். போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ யோசிப்பாய். போனில் சொல்ல இரண்டு தடவை பார்த்தேன், ஹலோ என்றதும் சாப்பிட்டாயா என்றுதான் வாயில் வருகிறது.

விஷயம் உன் அட்டைப்பெட்டிதான். சென்னையில் ஊறுகாய் போடும் ஈஸ்வரன் நம் தோட்டத்து இளம் இஞ்சியைக் கேட்டபோது, பெட்டிக்குள் பிளாஸ்டிக்கோ தெர்மோகோலோ ஒரு துணுக்குக்கூட இருக்கக் கூடாது, வாங்குகிறவர்கள் கேள்வி கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அதற்காக நீ வேலை பார்க்கும் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி, நம் தீவுக் கப்பலுக்கென்றே ஐந்தடுக்கில் இருபது பெட்டி செய்து அனுப்பினாய். மடித்து வந்த கட்டை வாங்கியபோதே எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தோரு வருஷம் கப்பல் ஜெட்டியில் சரக்கு ஏற்றி இறக்குவதைச் சரிபார்த்தவனிடம் காகிதப் பெட்டி, அதிலும் பக்கத்துக்கு மூன்று ஓட்டை. கட்டின் மேலே நீ ஒரு தாள் ஒட்டியிருந்தாய், ஓட்டையை அடைக்க வேண்டாம், மழைக்கு மேலே கூரை மாதிரி ஷீட் பிடிக்கலாம், சுற்றிக் கட்டக் கூடாது என்று பெரிய எழுத்தில். கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது. படித்தேன். படித்துவிட்டுத்தான் ஓட்டைகளின் மேல் டேப் ஒட்டினேன், நீல பிளாஸ்டிக் ஷீட்டைப் போட்டுச் சுற்றிக் கயிறு கட்டினேன். உனக்குத் தெரியாததா, இந்த ஊரில் பீரோவானாலும் அரிசி மூட்டையானாலும் ஷீட்டில் கட்டாமல் யாரும் கப்பல் ஏற்ற மாட்டார்கள். பதினான்கு பெட்டி கட்டியதும் ஷீட் தீர்ந்துவிட்டது. டாலிகஞ்ச் கடைக்குப் போய் வாங்கி வர நேரமில்லை, கப்பல் கிளம்பிவிடும். மீதி ஆறு பெட்டியும் நாசமாய்ப் போகட்டும் என்று, டேப்கூட ஒட்டாமல் அப்படியே ஏற்றிவிட்டேன்.

நாலாம் நாள் ஈஸ்வரன் போன் செய்து, பெட்டியெல்லாம் ஊறி அடி பிய்ந்துவிட்டது, இஞ்சியில் பூஞ்சை என்றார். அவர் வைத்த உடனே நான் உனக்குப் போட்டேன், உன் அட்டை கப்பலுக்கு ஆகாதும்மா என்றேன். அதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நீ ஒன்றே ஒன்று கேட்டாய், சுத்தி ஏதாவது கட்டுனீங்களாப்பா என்று. வழக்கம்போலத்தான் கட்டினேன் என்றேன். அது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. நீயும் சரிப்பா என்று வைத்துவிட்டாய். உன் மேனேஜரிடம் போய், தீவுப் பெட்டி வேண்டாம், அடுத்த மாதம் பத்தாம் தேதி மீட்டிங்கில் புதுப் பெட்டிகளின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடுங்கள் என்று நீ சொன்னதாக அம்மா சொன்னபோதுதான் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

இரண்டு நாள் கழித்து ஈஸ்வரன் சரக்கையெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டுப் போட்டோ அனுப்பினார். ஒரு பக்கம் சேறாகக் கிடக்கும் பதினான்கு, இன்னொரு பக்கம் ஆறு பெட்டி, விறைப்பாக, மூலை மடங்காமல். உள்ளே இஞ்சி அன்றைக்குப் பிடுங்கியது மாதிரி, நம் தோட்டத்து மண் ஒட்டியபடி. இந்த ஆறுக்கு மட்டும் என்ன செஞ்சீங்க சார் என்று கேட்டிருந்தார். நான் பதில் யோசிப்பதற்குள் அம்மா எட்டிப் பார்த்து, இதுதானே நீங்க ஷீட்டு பத்தாம சபிச்சு அனுப்புன ஆறு என்றாள். பச்சை இஞ்சி மூச்சு விடும், கப்பல் அடித்தட்டுச் சூட்டில் அந்த ஆவி ஷீட்டுக்குள்ளேயே வியர்த்துத் திரும்பப் பெட்டி மேலேயே சொட்டியிருக்கிறது. மழையும் கடலும் உன் பெட்டியை ஒன்றும் செய்யவில்லையம்மா, நான் செய்தேன். அம்மா அந்தப் போட்டோவை உனக்கு அனுப்பினாள். அப்பா ஒத்துக்கிட்டாரா என்று மட்டும் நீ பதில் போட்டதை என்னிடம் காட்டினாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவனோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவள், போனை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஈஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நல்ல மனிதர், இன்னொரு தடவை அனுப்புங்கள் என்றார். அடுத்த தடவைக்கென்று நீ முன்பே அனுப்பி வைத்திருந்த இரண்டாவது கட்டைப் பிரித்து, போன செவ்வாய்க்கிழமை ஒரு ஓட்டையையும் அடைக்காமல், இஞ்சியைக் காயவைத்து அடுக்கி, பன்னிரண்டு பெட்டி ஏற்றினேன். ஜெட்டியில் தூறல் போட்டதும் பழக்கமான சுமைக்காரர் ஒருவர் பாவம் என்று ஷீட்டோடு ஓடி வந்தார். மத் பாந்தோ, ஹவா ஆனே தோ, கட்டாதே, காற்று வரட்டும் என்று நான் கத்திய கத்தலில் பக்கத்திலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாருடைய பெட்டி சாச்சா என்று அந்தச் சுமைக்காரர் கேட்டார். மேரி பேட்டி நே பனாயா, என் மகள் செய்தது என்றேன், கேட்காதவர்களுக்கும் கேட்கும்படி. பன்னிரண்டும் நன்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. பக்கத்துத் தோட்டத்து மண்டல் பாபு அவருடைய எலுமிச்சைக்கு இதே பெட்டி கேட்கிறார். இந்தத் தீவுக்கு வந்த பிளாஸ்டிக் எதுவும் மெயின்லேண்டுக்குத் திரும்பிப் போனதை நான் பார்த்ததில்லை, எல்லாம் நம் ஓடையிலும் அலையாத்திக் காட்டிலும்தான் சிக்கிக் கிடக்கிறது. மடிக்கும்போது கிழிந்து மிஞ்சிய ஒரு பெட்டியை அம்மா நனைத்து இஞ்சிப் பாத்தியில் பரப்பிவிட்டாள். களை முளைக்கவில்லை, ஓரமெல்லாம் இப்போதே மண்ணோடு கரைய ஆரம்பித்துவிட்டது. என் மகளுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது என்பது எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. இருட்டிய பிறகு ஹைவேயில் ஸ்கூட்டர் ஓட்டாதே. மீட்டிங்கில் யார் என்ன கேட்டாலும், பதினான்கு பெட்டியைக் கெடுத்தது என் அப்பா என்று தைரியமாகச் சொல், போட்டோவையும் காட்டு. முருகன் உனக்குத் துணையிருப்பான், அம்மா உச்சி முகர்ந்து ஆசி சொல்லச் சொன்னாள்.

இந்தக் கடிதத்தை இஞ்சியோடு உன் பெட்டி ஒன்றில் வைத்துத்தான் நாளைக் கப்பலில் அனுப்புகிறேன், சென்னையில் இறக்கி ஈஸ்வரன் பெட்டியோடு உனக்குப் பார்சல் போடுவார். பாலித்தீன் உறையில் போடுங்க என்று அம்மா சொன்னாள், போடவில்லை. பழைய மைப்பேனாவை எடுத்து எழுதியிருக்கிறேன், துளி ஈரம் பட்டாலும் பரவிவிடும் மை. இவ்வளவு தூரம் எழுத்து கலையாமல் நீ படித்திருந்தால், பத்தாம் தேதி அந்தப் பெட்டியை மேசை மேல் வை, உன் பெயரைப் போட்டு வை.

ஒத்துக்கொண்டுவிட்ட உன் அப்பா,
அழகர்சாமி