முப்பத்திரண்டாவது கம்பம்

நேற்றுக் காலை உன் முப்பத்திரண்டாவது விளக்குக் கம்பத்தைப் பிடுங்கினார்கள்.

கிரேன் வண்டி ஒன்று கிரிவலப் பாதையைப் பாதி அடைத்துக்கொண்டு நின்றது. கம்பம் ஆடி அசைந்து வெளியே வந்ததும் குழியிலிருந்து மண் வாடை எழுந்தது. மழைக்கு முன் வருகிற வாசனை இல்லை. பல நாள் மூடிக் கிடந்த பானையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை. கம்பத்தில் நீ பச்சைப் பெயிண்டால் எழுதிய 32 இன்னும் இருந்தது. உங்கள் வீட்டுக் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட். மூன்றின் வால் கீழே வழிந்ததற்கு, அன்று உன்னை எவ்வளவு கிண்டல் செய்தேன்.

சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். சட்டையில் சிமெண்ட் தூசு படிந்த ஒருவர் நீளமான டேப்பைப் பிடித்துக் கம்பத்துக்குக் கம்பம் அளந்துகொண்டு வந்தார். அவர் சொன்ன ஓர் எண்ணை உனக்குச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்த மடல். ஆனால் எடுத்த எடுப்பிலேயே அதைச் சொல்லத் தைரியம் இல்லை. "நீ விஷயத்துக்கு வர்றதுக்குள்ள அடுத்த பௌர்ணமி வந்துடும்டா" என்பாய். இன்றைக்கும் அப்படித்தான் சுற்றி வளைத்து வரப்போகிறேன், பொறுத்துக்கொள்.

ராணுவத்தில் சேர வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டது நான். நீ துணைக்கு வந்தவன். முதல் முகாமிலேயே என்னை நேராக நிற்கச் சொல்லி, முட்டி இரண்டும் இடிக்கிறது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். நீ ஓட்டத்தில் பின்தங்கித் திரும்பி வந்தாய். பஸ்ஸில் ஊர் வரும் வரை நான் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செங்கம் ரோட்டில் இறங்கும்போது நீ சொன்னாய்: "உன் முட்டிய ஒண்ணும் பண்ண முடியாது. என் ஓட்டத்தப் பண்ணலாம். நீ கத்து, நான் ஓடறேன்." அன்றிலிருந்து நான் உன் பயிற்சியாளன். எனக்கு என்ன தெரியும் என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜிம்முக்குக் கொடுக்க நம்மிடம் ஏது? நீ செங்கம் ரோட்டு விருந்தினர் விடுதி ஒன்றில் அறை துடைத்துக்கொண்டிருந்தாய். ஓட்டை விழுந்து அங்கே வீசிய தண்ணீர்க் கேன்கள் இரண்டில் மணலை நிரப்பித் தோளுக்கு ஒன்றாகத் தூக்கினாய். கட்டி முடிக்காமல் கிடந்த வீட்டின் வாசல் இரும்புக் குழாயில் தொங்கி, தாடை குழாயைத் தொட உடம்பைத் தூக்கினாய். ஆரம்பத்தில் இரண்டு, கடைசியில் பதினான்கு. ஒன்பதடிப் பள்ளம் தாண்டும் தேர்வுக்கு ஏரி வாய்க்கால் இருந்தது. சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் கூழும் ஊறவைத்த வேர்க்கடலையும், வாரத்தில் மூன்று நாள் முட்டையும். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஒருவர் அறையில் விட்டுச் சென்ற ஷூ உனக்கு இரண்டு சைஸ் பெரிது. முன்னால் துணியைத் திணித்து மாட்டிக்கொண்டாய். "கால் வளர்ற வரைக்கும் துணி, அப்புறம் கால்" என்றாய், இருபது வயதில்.

மூச்சை இழுத்தால் உன் நெஞ்சு எவ்வளவு விரிகிறது என்று பார்க்க, டெய்லர் கடையில் கெஞ்சி டேப் வாங்கி வந்தோம். அரை அங்குலம் கூடினால்கூட ஊதிப் பெரிதாக்கிப் பேசினோம். உன் நெஞ்சை அளக்க டேப் தேடிய நாம், சாலையை அளக்க ஒரு டேப்பைத் தேடவில்லை.

ஓட வேண்டியது ஆயிரத்து அறுநூறு மீட்டர். ஐந்தே முக்கால் நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். மைதானம் டவுனுக்கு அந்தப் பக்கம். போய் ஓடிவிட்டுத் திரும்பினால் ஆறரை மணிக்கு நீ வேலையில் நிற்க முடியாது. ஆகவே நம் ஊரான அடி அண்ணாமலையிலேயே, கிரிவலப் பாதையிலேயே ஓடுவது என்று முடிவு செய்தோம். தூரத்துக்கு என்ன செய்வது என்று நீ கேட்டபோது, நான்தான் வெகு சாதாரணமாகச் சொன்னேன்: "ஒரு கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் அம்பது மீட்டர்டா. எங்க சித்தப்பா லைன்மேன், எனக்குத் தெரியாதா? முப்பத்திரண்டு கம்பம் எண்ணு, ஆயிரத்து அறுநூறு."

சித்தப்பாவைக் கேட்கவில்லை. அவர் லைன்மேன் என்பது மட்டும் உண்மை.

அரிசி மில்லுக்கு எதிரே இருந்த கம்பத்தைப் பூஜ்யம் என்று வைத்து எண்ணிக்கொண்டே நடந்தோம். முப்பத்திரண்டு வந்த இடத்தில் பெயிண்டால் எழுதினாய். ஒருமுறை உன் ஃபோனில் ஏதோ செயலியைப் போட்டு ஓடினாய். ஒன்று புள்ளி ஏழு கிலோமீட்டர் என்று காட்டியது. நீ நெற்றியைச் சுருக்கினாய். "மலை பக்கத்துல சிக்னல் தடுமாறும்டா. ஃபோன் பொய் சொல்லும், கம்பம் பொய் சொல்லாது" என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்துவிட்டு அதை அழித்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கே போனோம், நினைவிருக்கிறதா? ஏதோ பள்ளிக்கூட விழா, உள்ளே விடவில்லை. கேட் வரைக்கும் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தோம். அப்புறம் போகவே இல்லை.

நீ ஓடுவாய். பௌர்ணமிக் கூட்டத்துக்குப் போட்ட கடையில் வாங்கிய அந்த டிஜிட்டல் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே சைக்கிளில் வருவேன். ஆறரை நிமிடத்தில் தொடங்கி ஆறு பத்து, ஆறு ஐந்து என்று இறங்கி, ஐந்து நிமிடம் ஐம்பத்தாறு நொடியில் வந்து நின்றது. அதற்குக் கீழே போக மாட்டேன் என்றது. இன்னும் பதினொரு நொடி. அடுத்த முகாமுக்குள் உனக்கு வயது கடந்துவிடும். ஆகையால் அந்தப் பதினொரு நொடி நம் இருவர் தலையிலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. சோறு போட்டால் பாதியில் எழுந்தாய். "தண்ணி குடிச்சா வவுறு கனக்கும்" என்று குடிப்பதைக் குறைத்தாய். கத்திரி வெயில் தொடங்கியும் நிறுத்தவில்லை. வேலை முடிந்து மத்தியானம் ஒருமுறையும் ஓடத் தொடங்கினாய். நான் தடுத்தேனா? "மூச்ச வுடாத, கடைசி நாலு கம்பம் வுட்டுப் புடி!" என்று கத்திக்கொண்டு வந்தேன்.

முதலில் பேச்சு குறைந்தது. ஓடி முடித்ததும் ஏதாவது நக்கலடிப்பவன், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றாய். ஒரு நாள் உதடு கறுத்திருந்தது. நாவற்பழம் தின்றாயா என்று கேட்டேன், கத்திரி வெயிலில் நாவற்பழம் ஏது? இன்னொரு நாள் இருபதாவது கம்பத்தருகே நின்று, இடது தோளைத் தேய்த்துக்கொண்டே மலையைப் பார்த்தாய். வெகு நேரம் பார்த்தாய். நான் சைக்கிளை விட்டு இறங்கினேன்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்ல. நெஞ்சுல யாரோ உக்காந்த மாதிரி கீது."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

"போனா ஏதாச்சும் எழுதி வச்சிடுவாங்க. அப்புறம் மெடிக்கல்ல மாட்டிக்குவேன். முகாம் முடியட்டும்டா, நானே வந்து படுக்கறேன்." பிறகு சட்டென்று என் கையைப் பிடித்தாய். "அம்மாகிட்ட சொல்லாத."

சொல்லவில்லை. பௌர்ணமிக்குப் போடும் ஜூஸ் வண்டியில் உன் அம்மா எலுமிச்சை பிழிந்துகொண்டே ஒரு நாள் என்னிடம் நேராகவே கேட்டார்: "இவன் மூஞ்சி ஏம்பா இப்படி கீது? நல்லாத்தான ஓடறான்?" "சூப்பரா ஓடறான்மா" என்றேன். அந்த வார்த்தை வாயிலிருந்து வெளியே விழும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு காலையில் சைக்கிளை எடுக்கும்போதெல்லாம் இன்று ஏதோ நடக்கும் என்று தோன்றும். நடக்காது. ஆகவே மறுநாளும் எடுப்பேன்.

முகாமுக்குப் பத்தொன்பது நாள் இருக்கையில் எனக்கு வேலூரில் ஒரு கம்பெனியில் நேர்முகம் வந்தது. "நீ போய்ட்டு வா, நான் இன்னிக்கு மெதுவாதான் ஓடுவேன்" என்றாய். கடிகாரத்தைக் கழற்றி உன்னிடம் கொடுத்தேன். மெதுவாக ஓடுகிறவனுக்குக் கடிகாரம் எதற்கு என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? பஸ் போளூர் தாண்டும்போதே ஃபோன் வந்தது. பூக்கட்டும் பெண் ஒருத்தி நீ விழுவதைப் பார்த்திருக்கிறாள். முப்பத்தொன்றாவது கம்பத்தின் அடியில். கை நீட்டி, அடுத்த கம்பத்தைப் பார்த்தபடி.

இதயத்தில் பிறவியிலேயே ஏதோ கோளாறு இருந்ததாம். எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். ஊரே அதைச் சொல்லி என்னைத் தேற்றியது. நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். உன் அம்மா ஒரு பிளாஸ்டிக் கவரை என் கையில் கொடுத்தார். உள்ளே கடிகாரம். நீ அமுக்கிய நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு மணி நேரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் நிறுத்தினேன்.

அப்போது அவர் கேட்டார்: "ஓடி முடிச்சானாப்பா?"

"இன்னும் ஒரு கம்பம் இருந்துச்சும்மா."

அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அப்புறம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் ஆகிறது. இனி அந்த எண்ணுக்கு வந்துவிடுகிறேன்.

டேப் பிடித்தவரிடம் நேற்று சும்மா பேச்சுக் கொடுத்தேன். "கம்பத்துக்குக் கம்பம் அம்பது மீட்டர்தானண்ணா?" அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "யார் சொன்னாங்க? இந்த ரோட்டுல பூரா அம்பத்து மூணு. ஜாஸ்தி. அதான் நடுவுல இருட்டு வுழுது. எல்லாத்தையும் புடுங்கிட்டு கிட்ட கிட்ட நடறோம்."

ஒரு கம்பத்துக்கு மூன்று மீட்டர். முப்பத்திரண்டுக்குத் தொண்ணூற்றாறு. தினமும் உன்னை நான் கூடுதலாகத் தொண்ணூற்றாறு மீட்டர் ஓடவிட்டிருக்கிறேன். உன் வேகத்துக்கு அது இருபது நொடி. நீ பதினொரு நொடி பிந்தியவன் இல்லையடா. ஒன்பது நொடி முந்தியவன். தண்ணீரைக் குறைத்ததும், மத்தியான வெயிலில் ஓடியதும், நெஞ்சில் யாரோ உட்கார்ந்தபோது உட்காராமல் இருந்ததும் ஏற்கெனவே தேறிவிட்ட ஒரு பரீட்சைக்கு. ஃபோன் சரியாகத்தான் சொன்னது. பொய் சொன்னது கம்பம்கூட இல்லை, நான்.

ஆயிரத்து அறுநூறு மீட்டர் முடிகிற இடம் முப்பதாவது கம்பத்தைத் தாண்டிப் பத்து மீட்டர். நடந்துபோய்ப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை, ஓரத்தில் கொஞ்சம் நெருஞ்சி. நீ அதைக் கடந்து ஓடியிருக்கிறாய். கடந்த பிறகுதான் விழுந்திருக்கிறாய்.

நேற்றுச் சாயங்காலம் உன் அம்மாவின் ஜூஸ் வண்டிக்குப் போனேன். அவர் இப்போது பௌர்ணமிக்கு மட்டுமில்லை, தினமும் அந்த வளைவில் நிற்கிறார். நீ விழுந்த இடம் அங்கிருந்து தெரியும். எனக்கு மட்டும் உப்புப் போட்டுப் பிழிவது வழக்கம், கேட்காமலே பிழிந்தார். அவருக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நான் நம்பினேன். உண்மையாகவே நம்பினேன்.

"அம்மா, அன்னிக்கு அவன் ஓடி முடிச்சுட்டான்மா. இன்னிக்குதான் தெரிஞ்சுது. முடிச்சுட்டுதான் வுழுந்தான்."

அவர் முகத்தில் ஏதோ விரிந்தது. உன் முகம் போலவே இருந்தது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார், மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், டம்ளரை என் பக்கம் நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"அப்புறம் இன்னாத்துக்குப்பா ஓடினு இருந்தான்?"

கம்பம் எண்ணியது யார் என்று நான் சொல்லவில்லை. டம்ளரை வாங்கிக் குடித்தேன். உன் கடிகாரம் என் கையில்தான் இருக்கிறது. அதை நிறுத்த எனக்குத் தெரிந்தது. அவர் கேட்டதை எதை அமுக்கி நிறுத்துவது, நீயே சொல். நாளைக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். எனக்கு உப்புப் போட்டுப் பிழிந்து வைத்துக்கொண்டு அவர் பதிலுக்குக் காத்திருப்பார்.