நடு நாற்காலி

நம் பிளாக் முனையில் இன்று காலை குழாய்க்குப் பள்ளம் தோண்டி, சுற்றிலும் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்திருந்தார்கள். பால் வாங்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். உன் ஞாபகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. எனக்கு உன்னை நினைத்தால் இரண்டும் சேர்ந்துதான் வரும்.

உன் மகன் மைன்ஸுக்கு ஷிப்டு போய்விடுவான். மருமகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். அதற்குப் பிறகு உங்கள் குவார்ட்டர்ஸ் கூடம் நம் இருவர் ராஜ்ஜியம். உன் மகன் ஆசைப்பட்டு நாலு பக்கமும் ஸ்பீக்கர் மாட்டியிருந்தான். ஆனால் டிவியில் நெட் வீடியோ போட்டால் முன்னால் இருப்பவை மட்டும்தான் பேசும். முதுகுப் பக்கம் இருப்பவை, மாமனார் முன்னால் நிற்கிற புது மருமகள் மாதிரி வாயே திறக்காது.

உன் மருமகள்தான் வழி சொன்னாள். "நெட்டுலயே பாக்காதீங்க அத்தை. லிங்க்கை காப்பி பண்ணி, தனியா இந்தப் பிளேயர்ல போடுங்க. நாலு பக்கமும் பேசும்." அந்தப் பிளேயருக்கு அடையாளம் ஓர் ஆரஞ்சுக் கூம்பு. கையெழுத்துப் போடவே திணறுகிறவள் நீ, கூம்பை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். "கூம்பு வச்சிருந்தா உள்ள என்னமோ இருக்குதுன்னு அர்த்தம்டி. ரோட்டுல பள்ளம், இங்க சத்தம்" என்று எனக்கே பாடம் நடத்தினாய்.

முதல் நாள் நீ போட்டது மழை வீடியோ. என் முதுகுக்குப் பின்னால் சடசடவென்று கொட்டியது. "ஐயோ, மொளகா காயுதே!" என்று எழுந்து ஓடினேன். வாசலில் வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பி வந்தால் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். அதோடு விட்டாயா? தண்ணீர்க் குழாயடியில் வரிசை முழுக்கச் சொன்னாய். "எதிர்வூட்டு அம்மா டிவி மழைக்கு மொளகா அள்ளப் போச்சு." காய்கறிக்காரன்கூட, "இன்னிக்கு மழை வருமா ஆயா?" என்று கேட்டான். நான் இன்னும் அவனிடம் கத்தரிக்காய் வாங்குவதில்லை.

அதைக்கூட விட்டுவிடலாம். நாற்காலியை எப்படி விடுவது?

எல்லாச் சத்தமும் வந்து கூடுகிற இடம் நடு நாற்காலிதான் என்று உன் மகன் சொன்னதை நானும்தான் கேட்டேன். அதில் நீ உட்கார்ந்தாய். எனக்கு வலப்பக்கம், பிரிட்ஜ் ஓரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"ஏண்டி, நடு எடத்துல நீயே உக்காந்துகினு இருக்கியே, வந்தவளுக்கு ஒரு நாள் குடுத்தா கொறைஞ்சா போயிடுவ?"

"போடி பைத்தியம். அதுதாண்டி ராணி நாற்காலி. அங்கதான் சத்தம் சமமா கேக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பண்ருட்டி பஸ்ஸிலும் இதே கதைதானே? என்னை வலப்பக்கம் தள்ளிவிட்டு ஜன்னலை நீ பிடித்துக்கொள்வாய். ரோட்டில் நடந்தாலும், "அந்தப் பக்கம் வாடி" என்று வலப்பக்கம் இழுப்பாய். எல்லாவற்றையும் மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு உன் மருமகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். "வாங்க ஆயா, உங்க மழையைப் போடுறேன்." நான் நேராகப் போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். எத்தனை நாள் ஆசை! மழை ஆரம்பித்தது. இடப்பக்கம் பேய் மழை. வலப்பக்கம் தூறல்.

"என்னாடிம்மா இது, ஒரு பக்கமாவே கொட்டுது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அத்தைக்கு எடது காது சுத்தமா கேக்காது ஆயா, சின்ன வயசுலேருந்தே. அதான் அந்தப் பக்கம் சத்தத்தைக் கூட்டி வச்சிருக்கோம். உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. 'அவளுக்குத் தெரிஞ்சா எதிர்வூட்டுலேருந்தே கத்துவா, ஊருக்கே தெரிஞ்சிடும்'னு."

எழுந்து போய் பிரிட்ஜ் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மழை இரண்டு பக்கமும் ஒரே சீராகப் பெய்தது. நீ சொன்ன ராணி நாற்காலி இதுதான்.

"சமமாக்கிடவா ஆயா?" என்றாள்.

"கை வச்ச, தெரியும் சேதி" என்றேன். உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை.

நாற்காலிக் கணக்கைத் தள்ளிவிட்டேன். ஜன்னல் கணக்கையும் போனால் போகிறதென்று விட்டுவிட்டேன். மிளகாய்க் கணக்கு அப்படியே இருக்கிறது. புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: என்னிடம் மட்டும் சொல்லாமல் போனாயே, அது. நான் கத்தியிருப்பேன்தான். உன் நல்ல காதுப் பக்கம் வந்து கத்தியிருப்பேன்.

இன்றைக்குப் பால் வாங்கித் திரும்பும்போதும், என் இடப்பக்கம் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு இடம் விட்டுத்தான் நடந்தேன். "ஓரமா போ ஆயா, நடு ரோட்டுல வரியே!" என்று ஒரு சைக்கிள்காரன் சத்தம் போட்டான்.

போடட்டும். அவன் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்திருக்கிறேன்.