உனக்குக் கேட்ட குரல்

இந்த விவேக் நகர் வீட்டின் சுவர் மெல்லியது. இன்று காலை குழாயில் தண்ணீர் வந்ததும் பக்கத்து வீட்டு அம்மாள் கன்னடத்தில் தன் மகளை எழுப்பினாள்: "நீரு பந்த்து, ஏளு." தண்ணீர் வந்துவிட்டது, எழுந்திரு. பல் துலக்கிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன், அக்கா.

ஜோகுபாளையத்தில் நம் வீட்டுச் சுவரும் இப்படித்தான். பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் இதே வார்த்தைகள் முதலில் உன் காதில்தான் விழும். அவள் குரலிலேயே நீ திருப்பிச் சொல்வாய். அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுவாள்.

நம் இருவருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். குக்கர் விசில் வந்தால் இருவருமே காதைப் பொத்திக்கொள்வோம். ஸ்வெட்டரின் உறுத்தல் இருவருக்குமே ஆகாது. மற்ற பெண்கள் சிரிக்கும்போது நானும் சிரிக்கப் பழகிக்கொண்டேன். நீ பழகவில்லை. "வராத சிரிப்ப எதுக்குடி சிரிக்கணும்?" என்பாய்.

கல்லூரியில் சேர்ந்த சில மாதங்களிலேயே பஸ் நெரிசலும் கூச்சலும் தாளாமல் வெளியே போவதை நிறுத்தினாய். பகலெல்லாம் கட்டிலுக்கு அடியில் படுத்துக் கிடந்தாய். அம்மா பயந்துபோய் நம்மை ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் உன் முகத்தைப் பார்த்துக் கேட்டார். நீ மேஜை விசிறியைப் பார்த்துப் பதில் சொன்னாய்.

"ரூம்ல யாரும் இல்லாதப்ப குரல் ஏதாச்சும் கேக்குதா?"

"கேக்குது."

"தினமுமா?"

"தண்ணி வர்ற நாள்ல."

"என்ன சொல்லுது?"

"நீரு பந்த்து, ஏளு."

அவர் எழுதிக்கொண்டார். "அது பக்கத்து வீட்டு ஆன்ட்டி சார்" என்றேன். "நீ கொஞ்சம் வெளியில உக்காரும்மா" என்றார். அம்மாவும் சொல்லிப் பார்த்தாள். பெற்றவர்கள் எல்லோரும் இப்படித்தான் சமாதானம் தேடுவார்கள் என்றாராம். ஸ்கிசோஃப்ரினியா என்ற சொல்லோடு வீட்டுக்கு வந்தோம்.

மாத்திரை தொடங்கியபின் உன் வாயோரம் எச்சில் வழிந்தது. கை நடுங்கியது. "கால் நிக்க மாட்டேங்குது" என்று அறைக்குள்ளேயே நடந்தாய். அதுவும் நோய்தான் என்று டாக்டர் மருந்தைக் கூட்டினார். அடுத்த முறை மறுபடி குரலைப் பற்றிக் கேட்டார்.

"இப்ப கேக்கல. தூங்கிடறேன்."

"பாத்தீங்களா, மருந்து வேலை செய்யுது" என்று அம்மாவிடம் சொன்னார்.

அப்படியே வருடங்கள் போயின. ஒரு கோடையில் உனக்குக் காய்ச்சல் கொதித்தது. உடம்பு கட்டையாய் விறைத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பிழைக்கவில்லை. அந்த மாத்திரையால் அபூர்வமாக இப்படி ஆவதுண்டு என்று அங்கிருந்த இளம் டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

சில வருடங்கள் கழித்து என் முறை வந்தது. அடுகோடியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஆபீஸ் கழிவறையில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவள், வெளியே வர முடியாமல் போனேன். இந்த முறை ஒரு பெண் டாக்டர். குரல் கேட்கிறதா என்று இவரும் கேட்டார்; ஆனால் எந்தக் குரல், எங்கிருந்து என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். ஆட்டிசம் என்றார், லேசானது என்றும் சொன்னார். யாருக்கு லேசு என்று எனக்குப் புரியவில்லை. என்னால் அடுத்தவர்களுக்குத் தொல்லை குறைவு என்பதைத்தான் அந்தச் சொல் அளந்தது.

உன்னைப் பற்றிச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார். "பாக்காம சொல்லக் கூடாது. ஆனா அவங்களுக்கும் இதுவா இருந்திருக்கலாம். நல்லா பேசுற பொண்ணுக்கு ஆட்டிசம் இருக்கும்னு அப்பல்லாம் யாரும் யோசிக்கல."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்த மாத்திர?"

சுற்றி வளைத்துச் சொல்ல உனக்கும் வராது, எனக்கும் வராது. "தேவைப்பட்டிருக்காதும்மா" என்றேன்.

"முழுங்க மாட்டேன்னு அவ அழுதப்பல்லாம், நான்தானேடி உனக்குப் பால்ல கரைச்சுக் குடுத்தேன்" என்றாள். அவள் என்றும் நீ என்றும் கலந்து, உன்னிடமும் என்னிடமுமாகச் சேர்த்துப் பேசினாள். பிறகு மிச்சப் பூண்டையும் உரித்து முடித்தாள்.

அம்மாவும் இப்போது இல்லை. அந்தப் பூண்டு உரித்த நாளுக்குப் பிறகு, சாகும்வரை அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அந்தப் பாரத்தைப் பேசாமலே என்னிடம் விட்டுப் போயிருக்கிறாள், அக்கா. நான் வைத்திருக்கிறேன்.